கண்டன்சர் போட்டால் பேஸ் வருமா?

மாங்கனித் திருவிழாவுக்கு ஊருக்குப் போன அன்று, கோவில்பத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு ஹோம் தியேட்டர் செட் மூடி கழன்று கிடந்தது. பக்கத்தில் அக்கா மகன் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். பதினோராம் வகுப்பு படிக்கிறான். கருகிய நாற்றம் இன்னும் அடங்கவில்லை.

“என்னாடா ஆச்சு?”

“பேஸ் கூட்டலாம்னு ஒரு கண்டன்சர் போட்டேன் மாமா. வீடியோல காட்டுன மாதிரியேதான் போட்டேன்.”

பார்த்தேன். ஸ்பீக்கரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே 1000 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிடிக் கபாசிட்டர் ஒன்றை வைத்திருந்தான். ஒயரை வெறுமனே முறுக்கிவிடாமல் சுத்தமாக ஈயம் பற்றவைத்திருந்தான். பாட்டைப் போட்டு வால்யூமைக் கூட்டியதும் கபாசிட்டரின் தலை பிளந்திருக்கிறது. கூடவே ஆம்ப்ளிஃபயர் ஐசியும் போய்விட்டது. அக்கா சீட்டு எடுத்து வாங்கிய செட். அவள் அடுப்படியிலிருந்தே கேட்டாள்: “நீயும் இதைத்தானே படிச்ச? இப்படியெல்லாம் பண்ணக்கூடாதுன்னு அவனுக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?”

அந்த 1000 என்கிற எண்ணைப் பார்த்ததுமே வேறொரு காரணத்தால் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் விஷயத்துக்கு வருவோம்.

ஸ்பீக்கரில் கபாசிட்டர் சேர்த்து பேஸைக் கூட்ட முடியாது. தொடராகப் போட்டால் பேஸ் குறையும். குறுக்கே போட்டால் ஆம்ப்ளிஃபயர் திணறும், சில சமயம் சாகும். இதில் ஆளுக்கொரு கருத்து இருக்க இடமே இல்லை. ஆனால் யூடியூபில் தமிழில் தேடிப் பாருங்கள். ‘ஒரே ஒரு கண்டன்சர், தெருவே அதிரும்’ என்கிற ரகத்தில் வீடியோக்கள் வந்துகொண்டே இருக்கும். ஒரு கை, ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு ஸ்பீக்கர், பின்னணியில் ஒரு குத்துப்பாட்டு. நான் எழுத உட்கார்ந்தது இவற்றுக்கு எதிராகத்தான். ஆனால் இவற்றுக்கு எதிராக மட்டும் இல்லை.

*

இந்த வித்தையில் மூன்று வகை உண்டு.

முதல் வகை, ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரை வெட்டி நடுவில் கபாசிட்டரைச் சேர்ப்பது. கபாசிட்டர் வேகமாக மாறும் மின்னோட்டத்தை எளிதாக விடும், மெதுவாக மாறுவதைத் தடுக்கும். வேகமாக மாறுவது கீச்சு ஒலி, மெதுவாக மாறுவது பேஸ். ஆகவே இது ஒரு சல்லடை. குருணை கீழே விழும், நமக்கு வேண்டிய முழு அரிசி மேலேயே நின்றுவிடும். எந்த இடத்தில் வெட்டு விழும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது: 1-ஐ ‘இரண்டு பை × மின்தடை × மின்தேக்குதிறன்’ என்பதால் வகுக்க வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கரோடு 4.7 மைக்ரோஃபாரட் போட்டால் விடை சுமார் 4,200 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே இறங்க இறங்க ஒலி தேய்ந்துகொண்டே போகும். ட்வீட்டருக்கு இது சரியான காவல். அதன் மெல்லிய காயிலுக்குள் பேஸ் நுழைந்து எரித்துவிடாமல் இருக்கத்தான் கம்பெனிக்காரர்களே அங்கே ஒன்றை வைக்கிறார்கள். அதே கபாசிட்டரை ஊஃபரில் போடுவது, பசிக்கிறவன் வாயைக் கட்டுவது போல.

இரண்டாம் வகை, அக்கா மகன் செய்தது. ஸ்பீக்கரின் இரு முனைகளுக்கும் குறுக்கே போடுவது. 1000 மைக்ரோஃபாரட் கபாசிட்டர், 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்குக் காட்டும் எதிர்ப்பு வெறும் 0.16 ஓம். பாட்டில் குரலும் நாதஸ்வரமும் உலவுகிற இடம் அது. 8 ஓமைச் சுமக்கச் செய்த ஆம்ப்ளிஃபயருக்கு இது கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட். போதாக்குறைக்கு எலக்ட்ரோலிடிக் கபாசிட்டருக்கு பிளஸ் மைனஸ் உண்டு. ஸ்பீக்கரில் ஓடுவதோ திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். தலைகீழாக ஓடும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் சிதையும், சூடேறும், வாயு சேரும். அதன் தலையில் கோடு கிழித்த மாதிரி இருப்பது அலங்காரம் இல்லை. வெடிப்பதற்குப் பதில் அங்கே பிளந்துகொள்ளட்டும் என்று செய்த ஏற்பாடு.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஆம்ப்ளிஃபயர் சாவதற்கு முன்னால் சில நொடிகள், பேஸ் கூடியது போலவே கேட்கும். மேல் ஒலிகளைத் தள்ள முடியாமல் அது திணறுவதால் கீச்சு மங்கும், பேஸ் மட்டும் எடுப்பாகத் தெரியும். பக்கத்து வீட்டில் பாட்டு ஓடினால் சுவரைத் தாண்டி ‘தும் தும்’ மட்டும் கேட்கிறதே, அது மாதிரி. சுவர் பேஸைக் கூட்டவில்லை, மற்றதைத் தின்றுவிட்டது.

மூன்றாம் வகை, பவர் சப்ளையில் பெரிய கபாசிட்டர் போடுவது. இதில் கொஞ்சம் உண்மை உண்டு. விலை குறைந்த போர்டில் கஞ்சத்தனமாக 1000 மைக்ரோஃபாரட் வைத்திருந்தால், 4700 ஆக்கும்போது 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் குறையும், டிரம் அடி விழும்போது மின்னழுத்தம் சட்டென்று சரியாது. அதோடு சரி. ஏற்கெனவே போதுமான அளவு இருந்தால் இன்னும் பத்து போட்டாலும் ஒன்றும் ஆகாது. காரில் ஆயிரக்கணக்கில் செலவழித்து மாட்டுகிறார்களே 1 ஃபாரட் கபாசிட்டர், 12 வோல்ட்டில் அதற்குள் இருக்கும் ஆற்றல் மொத்தமே 72 ஜூல். 500 வாட் ஆம்ப்ளிஃபயர் அதை முழுசாக உறிஞ்சினாலும் ஒரு விநாடியில் ஏழில் ஒரு பங்கு நேரத்துக்குத்தான் வரும்.

பள்ளிக்கூடத்தில் இதற்கு மின்தேக்கி என்று பெயர். நல்ல தமிழ்ப் பெயர்தான், ஆனால் தேக்கி என்றதும் எதையோ உள்ளே வைத்திருந்து கூடுதலாகத் தரும் என்று நினைத்துக்கொள்கிறோம். நாங்கள் காவிரியின் கடைமடைக்காரர்கள். மேட்டூரில் திறந்தால்தான் எங்கள் வாய்க்காலில் தண்ணீர். வந்த தண்ணீரைக் குளம் பிடித்து வைக்கும், நேரம் பார்த்துக் கொடுக்கும். குளம் வெட்டினால் தண்ணீர் ஊறிப் பெருகும் என்று இங்கே எந்த விவசாயியிடமாவது சொல்லிப் பாருங்கள். வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரிப்பார்.

*

அப்படியென்றால் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? ஒன்றுமே இல்லாமல் இத்தனை பேர் நம்புவார்களா?

இங்கேதான் என் கதை வருகிறது. மின்னணுவியல் பொறியியல் இரண்டாம் ஆண்டு. நெட்வொர்க் தியரி தாளில் நல்ல மதிப்பெண். மேலே சொன்ன சூத்திரத்தை நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது அப்பாவின் பழைய டூ இன் ஒன்னில் பாட்டு ஒல்லியாகக் கேட்டது. ஹாஸ்டலில் ஒருவன் சொல்லியிருந்தான், கபாசிட்டர் போட்டால் பேஸ் வரும் என்று. பழைய ட்வீட்டரிலிருந்து 4.7 மைக்ரோஃபாரட்டைப் பிடுங்கித் தொடராகப் போட்டேன். மிச்சம் இருந்த கொஞ்ச பேஸும் போய், தகர டப்பா மாதிரி ஒலித்தது. எனக்கோ ‘கிளாரிட்டி கூடிவிட்டது’ என்று தோன்றியது. இரண்டு நாள் அப்படியே நம்பினேன். அப்பாதான் மூன்றாம் நாள் சொன்னார்: “நல்லாதான்டா இருந்துச்சு முன்னாடி.”

ரேடியோ கடை பாயிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் என் கபாசிட்டரை வெட்டி மேஜையில் வைத்தார். “இது எதுக்கு தம்பி?” என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு போர்டைத் திருப்பினார். கொஞ்சம் உப்பலாக, அடியில் பிசுக்கோடு இருந்த ஒரு கபாசிட்டரைக் கழற்றிவிட்டு, புதிதாக 1000 மைக்ரோஃபாரட் ஒன்றை வைத்தார். ஸ்விட்சைப் போட்டதும் பேஸ் வந்தது. நிஜமாகவே வந்தது, மேஜை அதிர்ந்தது.

“எத்தனை போட்டீங்க பாய்?”

“கம்பெனிக்காரன் என்ன போட்டிருந்தானோ அதேதான். பழசு செத்துப்போச்சு தம்பி, அவ்வளவுதான்.”

நடந்தது இதுதான். அந்தக் கால டூ இன் ஒன் செட்களிலும், ஒற்றை சப்ளையில் ஓடும் டிடிஏ 2030 போன்ற ஐசி வைத்து அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபயர்களிலும், வெளியேறும் முனையில் சப்ளையின் பாதி மின்னழுத்தம் எப்போதும் நிற்கும். அது ஸ்பீக்கர் காயிலுக்குள் போகாமல் தடுக்க நடுவில் ஒரு கபாசிட்டர் அவசியம். 4 ஓம் ஸ்பீக்கரோடு 1000 மைக்ரோஃபாரட் என்றால் வெட்டு 40 ஹெர்ட்ஸில் விழும். தொல்லை இல்லை. பத்துப் பதினைந்து வருஷத்தில் உள்ளே இருக்கும் திரவம் காய்ந்து அது 100 ஆகச் சுருங்கினால் வெட்டு 400 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். ஆண் குரலின் அடித்தளமே அதற்குக் கீழேதான். மெக்கானிக் அதை மாற்றினால் பேஸ் திரும்பும். திரும்பும் என்றுதான் சொல்கிறேன், கூடும் என்று சொல்லவில்லை. இழந்தது கிடைத்தது.

கடைக்கு வெளியே நின்ற வாடிக்கையாளர் கண்ணில் பட்டது என்ன? கண்டன்சர் போட்டார், பேஸ் வந்தது. அதைத்தான் எடுத்துக்கொண்டு போனார். நோய் என்ன என்று தெரியாமல் மருந்துச் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போன மாதிரி. இன்று வரும் பெரும்பாலான சின்ன போர்டுகள் பிரிட்ஜ் முறையில் இயங்குகின்றன. அவற்றின் வெளியேறும் வழியில் அந்தக் கபாசிட்டரே கிடையாது. நோயே ஒழிந்த பிறகும் மருந்து மட்டும் கைமாறிக்கொண்டிருக்கிறது.

அப்படி எடுத்துக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். பாய் சொன்ன ‘பழசு செத்துப்போச்சு’ என்கிற பாதியை விட்டுவிட்டு, ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் எல்லோரிடமும் அடித்துச் சொன்னேன்: “4.7 எல்லாம் வேலைக்காகாதுடா, 1000 போடணும்.” குறைந்தது பத்துப் பேரிடம் சொல்லியிருப்பேன். அவர்கள் பத்துப் பேரிடம் சொல்லியிருப்பார்கள். கூடத்தில் தலை பிளந்து கிடந்த கபாசிட்டரில் 1000 என்று பார்த்தபோது முகம் சுருங்கியது அதனால்தான். என் வார்த்தையேதான் சுற்றி வந்து அக்கா வீட்டு செட்டை எரித்தது என்று சொல்ல முடியாது. அப்படி இல்லை என்று சொல்லவும் என்னால் முடியாது.

*

வீடியோக்காரர்கள் எல்லோரும் பொய்யர்கள் என்று நான் சொல்லவில்லை. பலர் தாங்களே நம்புகிறார்கள். நம்முடைய காது அப்படி. 1933-இல் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்ச்சரும் மன்சனும் அளந்து காட்டினார்கள்: ஒலி மெல்லியதாக இருக்கும்போது நம் காதுக்கு பேஸ் மற்றதைவிட அதிகமாகக் குறைந்து கேட்கும், சத்தம் கூடும்போது பேஸ் தானாக எழுந்து நிற்கும். கபாசிட்டர் போட்டதும் யாராக இருந்தாலும் செய்யும் முதல் காரியம் என்ன? வால்யூமைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்பது. பேஸ் வந்துவிட்டது! வந்தது திருகினதால்.

வீடியோவின் நிலை இன்னும் மோசம். பதிவு செய்யும் போன், சத்தம் கூடினால் தானே குறைத்துக்கொள்ளும், குறைந்தால் தானே கூட்டிக்கொள்ளும். ‘முன்னால், பின்னால்’ என்று காட்டும் இரண்டும் ஒரே அளவுகோலில் எடுத்தவை இல்லை. பார்க்கிற நாமோ அதை இன்னொரு போனில் பார்க்கிறோம். அந்தக் குட்டி ஸ்பீக்கர் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. பேஸ் கூடியதா என்பதை, பேஸே வராத ஒரு ஸ்பீக்கரில் கேட்டு முடிவு செய்கிறோம். பிரியாணி வாசனையைப் படத்தில் பார்த்து மெச்சுவது போல. ஆனாலும் கீழே நூற்றுக்கணக்கில் ‘வேற லெவல் ப்ரோ’.

“விடுங்க, சின்னப் பசங்க. நோண்டிப் பாக்கட்டும். கெடுத்துத்தானே கத்துக்கணும்?” என்று என் நண்பரே கேட்டார். நோண்டுவதற்கு நான் எதிரி இல்லை. நானும் நோண்டி வளர்ந்தவன்தான். ஆனால் நோண்டுவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. தோற்பதற்கு இடம் இருந்தால்தான் அது சோதனை. கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் கேட்க, இன்னொருவர் சொல்லாமல் கபாசிட்டரைப் போட்டும் எடுத்தும் பத்து முறை மாற்றட்டும். வால்யூமைத் தொடக்கூடாது. எத்தனை முறை சரியாகச் சொன்னார் என்று நோட்டில் எழுதட்டும். நான் பார்த்த எந்த வீடியோவிலும் இது இல்லை. ‘தப்பாகவும் இருக்கலாம்’ என்கிற கேள்வியே எழாத இடத்தில் நடப்பது சோதனை இல்லை, சடங்கு.

இந்தச் சடங்கு புத்தி சால்டரிங் அயர்னோடு நின்றுவிடுவதில்லை. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். சர்வர் பதில் சொல்லத் தாமதித்தால் எங்கள் தொழிலில் முதலில் செய்வது என்ன தெரியுமா? காத்திருக்கும் நேரத்தை 30 விநாடியிலிருந்து 60 ஆக்குவது. ஏன் தாமதம் என்று யாரும் கேட்பதில்லை. போன முறை யாரோ அப்படிச் செய்தபோது சரியாகிவிட்டதாம். என்ன கெட்டிருந்தது, எதனால் சரியானது என்று ஒரு வரிகூட எழுதி வைத்திருக்க மாட்டார்கள். நான் அதை ‘கண்டன்சர் போடறது’ என்றுதான் சொல்வேன். கூட வேலை செய்பவர்களுக்கு இப்போது அர்த்தம் புரியும்.

பள்ளியில் மின்தேக்கி, கல்லூரியில் கபாசிட்டர், கடையில் கண்டன்சர். மூன்றும் ஒரே பொருள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வார்த்தை அளவில் தெரியும்தான். ஆனால் விடைத்தாளில் எழுதிய சூத்திரமும் அப்பாவின் டூ இன் ஒன்னும் ஒரே உலகத்தில் இருக்கின்றன என்று இரண்டு வருஷம் படித்தும் எனக்கு உறைக்கவில்லை. வீடியோக்காரனைத் திட்டுவது எளிது. அவன் சொல்வதை ஒரு நிமிஷத்தில் பொய்யாக்கும் கணக்கு கையில் இருந்தும், அதைப் போட்டுப் பார்க்கத் தோன்றாத ஆயிரக்கணக்கான பொறியாளர்களை வருஷா வருஷம் வெளியே அனுப்புகிற படிப்பை என்ன சொல்லித் திட்டுவது?

*

பேஸ் வேண்டும் என்கிற ஆசையில் தப்பே இல்லை. அது இந்த மண்ணின் ஆசை. காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டுப் பதிகத்தில் சுரங்களின் பெயர்களைச் சொல்லிவிட்டுத் தோல் வாத்தியங்களை அடுக்குகிறார்: துந்துபி, மத்தளம், தமருகம், குடமுழா, மொந்தை. எங்களுக்கு அடுத்த திருவாரூர்க் கோயிலில் ஐந்து முகக் குடமுழா, பஞ்சமுக வாத்தியம், இருக்கிறது. பெரிய உலோகக் குடம், அதன் வயிறு நிறையக் காற்று. மிருதங்கக்காரர் கச்சேரிக்கு முன்னால் இடது பக்கத் தோலில் ரவையைக் குழைத்து அப்புகிறார். எடை கூடினால் தோல் மெதுவாக அதிரும், சுருதி இறங்கும். வலது பக்கத்துக் கருப்பு வட்டம் என்ன வேலை செய்கிறது என்பதை சி. வி. ராமன் 1920-இலேயே ‘நேச்சர்’ இதழில் எழுதினார்.

நம் முன்னோர் கண்ட உண்மை ஒன்றுதான். தாழ்ந்த ஒலிக்கு உடம்பு வேண்டும். எடை, பரப்பு, காற்று. ரைஸும் கெல்லாகும் 1925-இல் செய்து காட்டிய காயில் ஸ்பீக்கர்தான் இன்றைக்கும் நம் வீட்டில் இருப்பது. அதற்கும் இதே விதிதான். 80 ஹெர்ட்ஸில் வரும் அதே சத்தம் 40 ஹெர்ட்ஸிலும் வேண்டுமென்றால் கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். நாலு அங்குல ஸ்பீக்கரால் அது முடியாது. நகக்கண் அளவு கபாசிட்டர் அதற்கு உடம்பு கொடுக்காது. கபாசிட்டர் வைத்து பேஸைத் தூக்க ஒரு நேர்மையான இடம் உண்டு: ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால், டோன் கண்ட்ரோலில். பாக்ஸண்டால் 1952-இல் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் வெளியிட்ட சுற்று அப்படிப்பட்டது. அதுவும் ஸ்பீக்கர் தாங்குகிற அளவுக்குத்தான்.

அன்று சாயங்காலம் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். செட்டில் எரியாமல் தப்பிய ஒரு நாலு அங்குல ஸ்பீக்கரைப் பெட்டியிலிருந்து கழற்றி, என் பழைய சின்ன ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, கையில் பிடித்துக்கொண்டே பாட வைத்தேன். கொசு மாதிரி ஒலித்தது. வெறும் ஸ்பீக்கரில் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கும், இரண்டும் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அம்மா தூக்கிப்போட்டிருந்த பழைய தண்ணீர்ப் பானை ஒன்று கிடந்தது. அதன் வாயில் ஸ்பீக்கரை வைத்தேன். டீக்கடைகளில் ஒரு காலத்தில் செய்ததுதான். பானை கும்மென்று பேசியது.

“மாமா!” என்றான். வால்யூமைத் தொடவில்லை என்று அவனே சரிபார்த்துக்கொண்டான். பானையைச் சுவர் மூலைக்கு நகர்த்தினோம், இன்னும் கொஞ்சம் கூடியது. தூக்கிப் பார்த்தான், வைத்துப் பார்த்தான். நான் சொல்லாமலே தன் தங்கையைக் கண்ணை மூடி உட்காரச் சொன்னான். அவள் பத்துக்குப் பத்து சரியாகச் சொன்னாள்.

உற்சாகத்தில் போனை எடுத்து வீடியோ பிடித்தான். பானை இல்லாமல் ஒரு தடவை, பானையோடு ஒரு தடவை. போட்டுக் கேட்டோம். இரண்டும் ஒரே மாதிரி இருந்தது.

“என்னா மாமா, ஒண்ணுமே தெரியல இதுல?”

“தெரியாதுடா.”

“அப்ப இத எப்படிக் காட்டுறது?”

“கூட்டாளிங்களைக் கொல்லைக்கு வரச் சொல்லு.”

மறுநாள் நான்கு பேர் வந்தார்கள். ஒருவன் வீட்டிலிருந்தே பானை எடுத்து வந்திருந்தான்.